கிளஸ்டர் வரிசையில் ஜாப் முன்னுரிமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் சின்னதாக ஒரு கிளஸ்டரை, அதாவது சேர்ந்து வேலை செய்யும் கணினித் தொகுப்பை, பார்த்துக்கொள்கிறேன். கணக்குப் போடும் நோடுகள் (தொகுப்பில் உள்ள தனித்தனிக் கணினிகள்) நாலு, ஒவ்வொன்றிலும் 32 கோர் (கணக்கை ஓட்டும் செயலி). முப்பந்தல் காற்றாலை இறகைச் சுற்றிக் காற்று எப்படிப் பாய்கிறது என்று பார்க்கும் மெக்கானிக்கல் பிள்ளைகள், மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் மோனசைட்டின் எலக்ட்ரான் அமைப்பைக் கணிக்கும் இயற்பியல் பிள்ளைகள், குலசேகரம் ரப்பரை மனதில் வைத்து மூலக்கூறு இயக்கம் ஓட்டும் வேதியியல் பிள்ளைகள், 2017 நவம்பர் 30 அன்று நம்மைப் புரட்டிப் போட்ட ஒக்கிப் புயலைக் கணினியில் திரும்பக் கிளப்பிப் பார்க்கும் ஒரு குழு என்று எல்லாருக்கும் இந்த நாலு நோடுதான்.

வாட்ஸ்அப்பிலும் கேன்டீன் வாசலிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். ஓட்டக் கொடுக்கும் ஒவ்வொரு வேலையும் ஒரு ஜாப். அவற்றை வரிசையில் நிறுத்தி நோடுகளுக்கு அனுப்பும் மென்பொருள் எங்களிடம் ஸ்லர்ம். கட்டளைகளை நாம் வாயால் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து.

அக்கா, வரிசையில முன்னால போட்டது நானாக்கும். பிறகு வந்தவனுக்க ஜாப் எப்படி முதல்ல ஓடும்?

ரேஷன் கடை வரிசை மாதிரி, முதலில் வந்தவருக்கு முதலில் என்று ஸ்லர்மை ஓட்டவும் முடியும். எங்களுடையது அப்படியில்லை. காத்திருக்கும் ஒவ்வொரு ஜாப்புக்கும் ஓர் எண் உண்டு, எண் பெரிதானால் முன்னால். எவ்வளவு நேரம் காத்திருக்கிறது, போட்டவர் சமீபத்தில் எவ்வளவு பயன்படுத்தியிருக்கிறார் (இதுதான் ஃபேர்ஷேர்), எவ்வளவு பெரிய ஜாப், எந்தப் பார்ட்டிஷன் (நோடுகளைப் பிரித்து வைத்த தனி வரிசை), எந்தக் கியூஓஎஸ் (ஜாப்புக்குரிய சலுகையையும் வரம்பையும் சொல்லும் வகை) என்று பல காரணிகள் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. ஒவ்வொரு காரணிக்கும் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பு கிடைக்கும். நிர்வாகி வைத்த எடையால் அதைப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் ஜாப்பின் முன்னுரிமை வந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காத்திருப்புக்கு எடை 1000, ஃபேர்ஷேருக்கு 10000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மூன்றரை நாளாகக் காத்திருக்கிறீர்கள். முழு மதிப்பு கிடைக்க 7 நாள் ஆகும் என்பதால் உங்களுக்கு 0.5, அதாவது 500. ஆனால் போன வாரம் முழுக்க நீங்கள்தான் ஓட்டினீர்கள், அதனால் ஃபேர்ஷேர் 0.3, அதாவது 3000. மொத்தம் 3500. இப்போதுதான் வந்தவர் வெகுநாளாகக் கிளஸ்டர் பக்கமே வராதவர். காத்திருப்பு 0, ஃபேர்ஷேர் 0.9, மொத்தம் 9000. அவர்தான் முன்னால் போவார். மூன்றரை நாள் காத்திருந்ததை ஸ்லர்ம் மறக்கவில்லை. அதற்கு நாங்கள் வைத்த எடை அவ்வளவுதான்.

எனக்க ஜாப்புக்க எண் எவ்வளவுன்னு எங்க பாக்கது?

எஸ்பிரையோ என்று தட்டுங்கள். கூடவே சின்ன எல் சேர்த்தால் காரணிவாரியாகப் பிரித்துக் காட்டும். டபிள்யூ சேர்த்தால் ஜாப்புகளை விட்டுவிட்டு எடைகளை மட்டும் காட்டும். என்னிடம் வந்து 'ஏன் ஓடல' என்று கேட்குமுன் இந்த இரண்டையும் ஒரு தடவை பார்த்துவிட்டால் பாதிப் பேருக்கு என்னைப் பார்க்க வேண்டிய வேலையே இருக்காது.

பென்டிங்னு காட்டுது. பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள என்னமோ எழுதியிருக்கு, அது என்னது?

அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். எஸ்கியூ கட்டளையின் கடைசிப் பத்தியில் வருவது காத்திருப்பதற்கான காரணம். 'பிரையாரிட்டி' என்றால் உங்களுக்கு முன்னால் வேறு ஜாப் நிற்கிறது. 'ரிசோர்சஸ்' என்றால் உங்கள் முறை வந்துவிட்டது, நீங்கள் கேட்ட அளவுக்குக் கோரோ மெமரியோ இன்னும் காலியாகவில்லை. 'டிபென்டன்சி' என்றால் வேறொரு ஜாப் முடிவதற்காக நிற்கிறது. கியூஓஎஸ் அல்லது அசோக் (ஸ்லர்மில் உங்கள் பெயரில் உள்ள பதிவு) என்று தொடங்கி லிமிட் என்று முடிந்தால் ஏதோ ஒரு வரம்பைத் தொட்டுவிட்டீர்கள். அங்கே முன்னுரிமையை எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை.

இன்னொன்று, நோடு கிடைக்காது, பராமரிப்புக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று வருவது. திங்கட்கிழமை காலையில் ஏசி வேலைக்காக எந்திரத்தை நிறுத்தப்போகிறேன் என்று முன்பதிவு போட்டிருப்பேன். வெள்ளிக்கிழமை மாலையில் 3 நாள் வரம்புடன் ஒரு ஜாப் வந்தால் அது திங்கட்கிழமைக்குள் முடியாது என்பதால் ஸ்லர்ம் தொடங்கவே தொடங்காது. அதே ஜாப் 2 நாள் வரம்புடன் வந்தால் உடனே ஓடும். கிளஸ்டர் மொத்தமும் காலியாகக் கிடக்கிறது, எனக்க ஜாப் மட்டும் நிற்குது என்று சனிக்கிழமை வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

நானே எனக்க ஜாப்பை மேல ஏத்த முடியுமா?

முடியாது. சாதாரணப் பயனர் தன் ஜாப்பை இறக்கலாம், ஏற்ற முடியாது. இறக்குவதற்கு நைஸ் என்று ஒரு மதிப்பு உண்டு. எஸ்பேட்ச் (ஜாப்பை வரிசையில் போடும் கட்டளை) செய்யும்போதே இரட்டைக் கோடு போட்டு நைஸ் என்று கொடுக்கலாம், போட்ட பிறகும் எஸ்கண்ட்ரோல் அப்டேட் கொண்டு மாற்றலாம். நைஸ் எவ்வளவோ அவ்வளவு உங்கள் எண்ணிலிருந்து கழியும். எண் எதுவும் சொல்லாமல் நைஸ் என்று மட்டும் எழுதினால் 100 என்று எடுத்துக்கொள்ளும். எதிர்மறை நைஸ், அதாவது எண்ணைக் கூட்டும் நைஸ், நிர்வாகி கையில் மட்டும்.

இறக்கத்தான் முடியும்னா அது எனக்கு எதுக்கு?

நல்ல கேள்வி. பதில் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

என்னோட அஞ்சு ஜாப் நிக்குது, அதுல ஒண்ணு மட்டும் கைடு நாளைக்குக் கேட்டிருக்காங்க. மத்தது பைய ஓடினா போதும். என்ன செய்யது?

மற்ற நாலுக்கும் நைஸ் கொடுங்கள். அவசரமான ஒன்று இருந்த இடத்திலேயே இருக்கும், மற்றவை அதற்குப் பின்னால் போய்விடும். இதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். ஆனால் இறக்கிய நாலும் மற்றவர்களுடைய ஜாப்புகளுக்கும் பின்னால்தான் போகும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அது வேண்டாம் என்றால் எஸ்கண்ட்ரோல் டாப் என்று ஒரு வழி இருக்கிறது. ஜாப் எண்ணைக் கொடுத்தால், உங்கள் ஜாப்புகளுக்குள் மட்டும் அதை முதலில் கொண்டுவந்து வைக்கும். ஒரே பயனர், ஒரே பார்ட்டிஷன், ஒரே அக்கவுண்ட் (பயன்பாடு ஏறும் துறைக் கணக்கு), ஒரே கியூஓஎஸ் ஆக இருக்கும் ஜாப்புகளுக்குள்தான் இந்த இடமாற்றம் நடக்கும். ஒன்றுக்குக் கூடுவது உங்களுடைய மற்றவற்றிலிருந்துதான் குறையும், அடுத்தவர் வரிசையில் கை வைக்காது. ஸ்லர்மை நிறுவியவுடன் இது சாதாரணப் பயனருக்குத் திறந்திருக்காது, நிர்வாகி திறந்துவிட வேண்டும். எங்களிடம் திறந்திருக்கிறது. வேறு இடத்தில் அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால் அங்குள்ள நிர்வாகியிடம் கேளுங்கள். திறந்துவிடுவதால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது என் கட்சி.

நைஸ் 100 குடுத்தும் ஒரு இடம்கூட நகரல. எவ்வளவு குடுக்கணும்?

எடைகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். முதல் கேள்வியில் போட்ட கணக்கில் ஒருவர் 3500, இன்னொருவர் 9000. அந்த இடைவெளியில் 100 என்பது ஒன்றுமே இல்லை. எஸ்பிரையோவில் உங்கள் ஜாப்புகளின் எண்களையும் அவற்றுக்கு அடுத்து நிற்பவற்றின் எண்களையும் பாருங்கள். அந்த வித்தியாசத்தைத் தாண்டும் அளவுக்குக் கொடுத்தால் நகரும். உங்கள் சொந்த ஜாப்புகளுக்குள் மட்டும் ஒழுங்குபடுத்துவதென்றால் 100, 200 போதும். எல்லாவற்றுக்கும் ஃபேர்ஷேர் ஒன்றேதான், காத்திருப்பில்தான் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும்.

ஹோல்டு போட்டு வச்சா எனக்க இடம் போயிருமா?

ஹோல்டு என்றால் முன்னுரிமை சுழியம், விடுவிக்கும் வரை ஓடாது. ஹோல்டில் இருக்கும் நேரம் காத்திருந்த நேரமாகக் கணக்கில் ஏறாது. ஓடத் தகுதியோடு காத்திருந்த நேரத்துக்குத்தான் மதிப்பு, அப்படி இல்லாமலாக்கும் ஓர் அமைப்பு உண்டு என்றாலும் நாங்கள் அதை வைக்கவில்லை. உள்ளீட்டுக் கோப்பில் தப்பு கண்டுபிடித்துத் திருத்தும் பத்து நிமிஷத்துக்கு ஹோல்டு சரி. 'அடுத்த வாரம் ஓட்டிக்கலாம்' என்பதற்கு ஹோல்டைவிட நைஸ் நல்லது, காத்திருப்பாவது சேரும்.

நீங்கள் போட்ட ஹோல்டை நீங்களே எடுக்கலாம். நான் போட்டதை நீங்கள் எடுக்க முடியாது. எது யார் போட்டது என்பதை எஸ்கியூ காரணப் பத்தியே சொல்லும்.

நேரத்தைக் கூட்டிப் போட்டுட்டேன், கேன்சல் பண்ணித் திரும்பப் போடட்டா?

வேண்டாம். கேன்சல் செய்தால் சேர்ந்த காத்திருப்பெல்லாம் போய்விடும். ஜாப் இன்னும் தொடங்கவில்லை என்றால் எஸ்கண்ட்ரோல் அப்டேட் கொண்டு நேர வரம்பை நீங்களே குறைக்கலாம். கூட்டுவதற்குத்தான் என்னிடம் வர வேண்டும்.

எல்லாரும் 7 நாள்னு போடாங்க, நானும் போடுதேன். அதுல என்ன தப்பு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

மதியம் 2 மணி என்று வைத்துக்கொள்வோம். மூன்று நோடுகளில் ஜாப் ஓடுகிறது, அவை இரவு 8 மணிக்கு முடிய வேண்டும். நாலாவது காலி. வரிசையில் முதலில் நிற்பது ஒக்கிக் குழுவின் ஜாப். அதற்கு நாலு நோடும் சேர்ந்து வேண்டும், 128 கோர். 8 மணிக்கு முன்னால் அது தொடங்க வழியே இல்லை. அப்படியானால் காலியான நோடு ஆறு மணி நேரம் சும்மா கிடக்க வேண்டுமா? இந்த இடத்தில்தான் பேக்ஃபில் வருகிறது. முன்னால் நிற்பவரின் தொடக்க நேரம் தள்ளிப்போகாது என்றால், பின்னால் நிற்கும் சின்ன ஜாப்பை ஸ்லர்ம் இடையில் நுழைத்துவிடும். ரப்பர் ஜாப் ஒன்று 4 மணி நேர வரம்புடன் நிற்கிறது. அது 6 மணிக்குள் முடிந்துவிடும், உடனே உள்ளே போகும். அதன் முன்னுரிமை எண் வரிசையிலேயே கடைசி என்றாலும் போகும். பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு ஜாப், உண்மையில் 3 மணி நேரத்தில் முடியக்கூடியது, ஆனால் போட்டவர் 7 நாள் என்று எழுதியிருக்கிறார். ஸ்லர்முக்கு உண்மை தெரியாது, எழுதியதை நம்பும். அந்த ஜாப் நிற்கும்.

அதனால் வரிசையில் முந்துவதற்கு யாருடைய தயவும் இல்லாமல் நீங்களே செய்யக்கூடிய வேலை, நேரத்தைச் சரியாகக் கேட்பது. முன்பு ஓடிய இதே மாதிரி ஜாப்புகள் எவ்வளவு நேரம் எடுத்தன என்று எஸ்அக்ட் கட்டளை காட்டும். அதோடு கால்பங்கு சேர்த்துக் கேளுங்கள். ரொம்ப இறுக்கிப் பிடித்தாலும் ஆபத்து, வரம்பு முடிந்ததும் ஸ்லர்ம் ஜாப்பைக் கொன்றுவிடும். இடையிடையே நிலையைச் சேமிக்கும் மென்பொருளாக இருந்தால் தைரியமாகக் குறைக்கலாம்.

நான் போன மாசம் நிறைய ஓட்டினேன்னு இந்த மாசம் எனக்குத் தண்டனையா?

தண்டனையாக நினைத்தால் தண்டனைதான். பழைய பயன்பாடு நாளாக ஆகத் தேயும். எங்களிடம் அரைவாழ்வு 7 நாள், ஸ்லர்மின் இயல்பு மதிப்பும் அதுதான். 1000 கோர்-மணி பயன்படுத்தியிருந்தால் ஒரு வாரம் கழித்து அது 500 ஆகத் தெரியும், இரண்டு வாரத்தில் 250, நாலு வாரத்தில் 62 சொச்சம். ஆக, போன மாதத் தொடக்கத்தில் ஓட்டியது இப்போது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. உங்களைக் கீழே தள்ளுவது போன வாரம் ஓட்டியதுதான். பயன்பாட்டையும் ஃபேர்ஷேரையும் காட்டும் எஸ்ஷேர் கட்டளையைத் தட்டிப் பாருங்கள்.

ஃபேர்ஷேர் நம்பர் நேத்து 0.6, இன்னைக்கு 0.45. நேத்து நான் ஒண்ணுமே ஓட்டலியே?

ஸ்லர்ம் 19.05 பதிப்பிலிருந்து இயல்பாக வரும் முறைக்கு ஃபேர் ட்ரீ என்று பெயர். அதில் அந்த எண் ஒரு தரவரிசை. 20 பயனர் இருந்தால் முதலிடத்துக்கு 1.0, அடுத்தவருக்கு 0.95 என்று இறங்கும். நேற்று 0.6 என்றால் ஒன்பதாவது இடம், இன்று 0.45 என்றால் பன்னிரண்டாவது இடம். நீங்கள் ஓட்டாவிட்டாலும் மூன்று பேர் உங்களைத் தாண்டியிருக்கிறார்கள்.

அதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். தரவரிசை போடும்போது முதலில் அக்கவுண்டுகளைத்தான் ஒப்பிடுவார்கள், பிறகுதான் அதற்குள் இருக்கும் ஆட்களை. உங்கள் துறைக் கூட்டாளி நேற்று 128 கோரையும் ராத்திரி முழுக்க ஓட்டியிருந்தால் உங்கள் துறை மொத்தமும் கீழே இறங்கும், நீங்களும் கூடவே. துறைக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது, நான் நடுவில் வரமாட்டேன்.

32 கோர் கேட்டேன், புரோகிராம் 4 கோர்தான் எடுத்தது. கணக்குல எது ஏறும்?

32. ஒதுக்கியதுதான் கணக்கு, ஏனென்றால் அந்த 28 கோரை வேறு யாரும் தொட முடியவில்லை. 'எதுக்கும் இருக்கட்டும்' என்று கூட்டிக் கேட்பவர் தன் ஃபேர்ஷேரைத் தானே கரைக்கிறார், பேக்ஃபில்லில் நுழையும் வாய்ப்பையும் இழக்கிறார். மெமரியும் அப்படித்தான்.

அப்போ என் நண்பனுக்க ஐடியில போட்டா?

போடாதீர்கள். அவனுக்க ஃபேர்ஷேர் கரையும், அவன் உங்களைத் தேடி வருவான், பிறகு இரண்டு பேரும் என்னைத் தேடி வருவீர்கள். லாகில் எந்த எந்திரத்திலிருந்து யார் நுழைந்தார் என்று இருக்கிறது.

ஒரே மாதிரி 200 சின்ன ஜாப். வரிசையை நான் அடைச்சு வச்சிருக்கேன்னு எல்லாரும் ஏசுதாங்க.

தனித்தனியாகப் போடாமல் அர்ரேயாகப் போடுங்கள். 1 முதல் 200 வரை என்று ஒரே எஸ்பேட்ச். அதன் கடைசியில் சதவீதக் குறி போட்டு 10 என்று எழுதினால் ஒரே நேரத்தில் பத்துக்கு மேல் ஓடாது, மற்றவர்களுக்கு இடம் இருக்கும். முன்னுரிமை மாற்றுவதும் சுலபம். அர்ரேயின் எண்ணை மட்டும் கொடுத்து அப்டேட் செய்தால் காத்திருக்கும் எல்லாத் துண்டுக்கும் பொருந்தும், எண்ணுக்குப் பின் அடிக்கோடும் துண்டு எண்ணும் கொடுத்தால் அந்த ஒன்றுக்கு மட்டும். 137ஆவது துண்டின் முடிவு மட்டும் அவசரம் என்றால் அர்ரே மொத்தத்தையும் கலைக்க வேண்டியதில்லை.

முதல் ஜாப் முடிஞ்சதும் ரெண்டாவது ஓடணும்னு கட்டி வச்சேன். முதலாவது ரெண்டு நாள் எடுத்தது. அந்த ரெண்டு நாளும் ரெண்டாவதுக்குக் கிட்டுமா?

கிட்டாது. ஹோல்டுக்குச் சொன்ன அதே காரணம்தான். சங்கிலியாகக் கட்டிய ஜாப், முந்தையது முடிந்த பிறகுதான் காத்திருப்புச் சேர்க்கத் தொடங்கும். இரண்டாவது சின்ன வேலை என்றால், உதாரணமாக வந்த தரவில் படம் வரைவது, அதைத் தனி ஜாப்பாக வைக்காமல் முதலாவதின் ஸ்கிரிப்டிலேயே கடைசியில் எழுதிவிடுங்கள்.

அஞ்சு நிமிஷச் சோதனைக்கும் நாள்கணக்கா நிக்கணுமா?

வேண்டாம், அதற்குத்தான் டிபக் பார்ட்டிஷன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அனுமதி இல்லை. அதன் பார்ட்டிஷன் அடுக்கு உயர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. உயர்ந்த அடுக்கில் இருக்கும் ஜாப்புகளை ஸ்லர்ம் முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றுக்கு வரும், முன்னுரிமை எண் என்னவாக இருந்தாலும்.

நான் துறைத் தலைவர் பேசறேன். மாநாட்டுக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள ரிசல்ட் வேணும். இந்த மாணவியோட ஜாப்பைக் கொஞ்சம் மேலே ஏத்திக் கொடுங்களேன்.

செய்வேன் சார், ஆனால் இரண்டு விஷயம் கேட்பேன். முதலாவது, எஸ்கியூ காரணப் பத்தியில் என்ன எழுதியிருக்கிறது? 'பிரையாரிட்டி' என்று இருந்தால்தான் ஏற்றுவதில் அர்த்தம். இரண்டாவது, நேர வரம்பு சரியாக இருக்கிறதா? பல சமயம் வரம்பைக் குறைத்ததுமே பேக்ஃபில் எடுத்துக்கொண்டுவிடுகிறது, அடுத்த கேள்வியே வருவதில்லை.

அதற்கும் மேல் தேவை என்றால் எதிர்மறை நைஸ் கொடுப்பேன். முன்னுரிமை எண்ணையே நேரடியாகப் பெரிதாக எழுதிவிடலாமே என்று கேட்பார்கள். 32 பிட் எண் அது, 400 கோடிக்கும் மேல் எழுதலாம். ஆனால் நேரடியாக எழுதிய உடனே அந்த ஜாப் ஸ்லர்மின் கணக்கிலிருந்து வெளியே போய்விடும். ஏற்கெனவே கொடுத்த நைஸ் அழியும், காத்திருப்புச் சேராது, ஃபேர்ஷேர் மாறினாலும் எண் அப்படியே கிடக்கும். பழைய நிலைக்குக் கொண்டுவர ஜாப்பை ஹோல்டு செய்து திரும்ப விடுவிக்க வேண்டும். எதிர்மறை நைஸில் இந்தத் தொல்லை இல்லை, கணக்கு நடந்துகொண்டே இருக்கும், மேலே ஒரு கூட்டல் மட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இப்படி ஏற்றிய ஜாப் எது, யார் கேட்டு, எதற்காக என்று ஆய்வக அறிவிப்புப் பலகையில் எழுதிப்போடுவேன். அப்படி எழுதத் தொடங்கிய பிறகு கோரிக்கைகள் தானாகவே குறைந்துவிட்டன.

நீங்க ஏத்தின பிறகும் ஓடலியே?

முன்னுரிமை வரிசையைத்தான் மாற்றும், காலி நோடை உண்டாக்காது. முன்னால் போன ஜாப்புக்குக் காரணம் 'பிரையாரிட்டி'யிலிருந்து 'ரிசோர்சஸ்' ஆக மாறியிருக்கும், அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருப்பவை முடியும் வரை நிற்க வேண்டும். ஓடுவதை நிறுத்திவிட்டு அவசர ஜாப்பை ஏற்றும் முறையும் ஸ்லர்மில் உண்டு. நிறுத்தப்பட்ட ஜாப்பைக் கொல்லலாம், திரும்ப வரிசையில் போடலாம், அல்லது உறைய வைக்கலாம். எங்கள் கிளஸ்டரில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஐந்து நாளாக ஓடி முடியப்போகும் ஒருவருடைய ஜாப்பைத் தூக்கி எறிவதற்கு எனக்கு மனசு வராது, வரவும் கூடாது. தேதி முன்கூட்டியே தெரிந்த வேலை என்றால் அந்த நாளுக்கு நோடுகளை முன்பதிவு செய்து தருகிறேன், அதுதான் நாகரிகம்.

ஓடிக்கிட்டு இருக்க ஜாப்புக்கு முன்னுரிமை கூட்டினா வேகமா முடியுமா?

முடியாது. இந்த எண்ணுக்கு வேலை ஜாப் தொடங்கும் வரைதான். லினக்ஸில் ரீநைஸ் என்று இன்னொன்று இருக்கிறது, அது ஒரே எந்திரத்தில் ஒரே கோருக்குப் போட்டியிடும் புரோகிராம்களுக்கு இடையே பங்கு பிரிப்பது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் குழப்பம். உங்கள் கோர்கள் உங்களுக்கே ஒதுக்கப்பட்டிருப்பதால் அதுவும் இங்கே உதவாது.

ஒரு வாரம் வரைக்கும் எண் ஏறிக்கிட்டே வந்துச்சு, இப்ப அப்படியே நிக்குது. கெட்டுப்போச்சா?

இல்லை. காத்திருப்பு மதிப்பு 7 நாளில் 1.0 தொட்டுவிடும், அதற்குமேல் ஏறாது. அந்த வரம்பையும் நிர்வாகி மாற்றலாம், நாங்கள் மாற்றவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் ஒரு ஜாப் நிற்கிறது என்றால் அது முன்னுரிமைப் பிரச்சினையாக இருக்க வாய்ப்புக் குறைவு. எஸ்கியூ காரணப் பத்தியில் வேறு ஏதாவது காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ராத்திரி கரண்டு போச்சு. வரிசையில நின்னதெல்லாம் போயிருச்சா?

காத்திருந்தவை போகாது. வரிசையின் நிலையை ஸ்லர்ம் வட்டில் எழுதி வைத்துக்கொண்டே இருக்கும், எந்திரம் எழுந்ததும் அதே ஜாப் எண்களோடு திரும்ப வரும். ஓடிக்கொண்டிருந்தவைதான் சிக்கல். திரும்ப வரிசையில் போட அனுமதி இருந்தால் அதே எண்ணுடன் வந்து நிற்கும், ஆனால் ஸ்கிரிப்ட் முதல் வரியிலிருந்து தொடங்கும். வெளியீட்டுக் கோப்பின் மேல் அதே பெயரில் எழுதும் ஸ்கிரிப்டாக இருந்தால் முன்பு கிடைத்த அரைகுறை முடிவும் அழிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் உங்கள் ஸ்கிரிப்டில் இதை ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். தென்மேற்கும் நமக்கு மழைதான், ஜூனிலும் ஒரு தடவை.

திருச்சியில பெரிய எந்திரத்துல அக்கவுண்ட் கிட்டியிருக்கு. அங்கயும் இதே கட்டளைதானா?

திருச்சி என்ஐடியில் 2022இல் தொடங்கிய பரம் பொருளைச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் மிஷன் கீழ் சி-டாக் அமைத்தது, திறன் 838 டெராஃபிளாப்ஸ். அங்கும் ஸ்லர்ம்தான், கட்டளைகள் அதேதான். எடைகளும் வரம்புகளும் மாறும், எனவே போனவுடன் எஸ்பிரையோ டபிள்யூ தட்டிப் பாருங்கள்.

ஸ்லர்முக்குப் பதிலாகப் பிபிஎஸ் என்ற வரிசை மென்பொருள் இருக்கும் இடத்துக்குப் போனால் கியூஆல்டர் கட்டளையில் பி போட்டு -1024 முதல் 1023 வரை ஒரு எண் கொடுக்க வேண்டும். எச்டிகாண்டர் என்ற இன்னொரு வரிசை மென்பொருளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அங்கே ஜாப்புக்குக் கொடுக்கும் முன்னுரிமை உங்கள் சொந்த ஜாப்புகளுக்குள் மட்டும்தான் செல்லும், அடுத்தவரோடு ஒப்பிடப் பயனர் முன்னுரிமை என்று தனியாக ஒன்று உண்டு, அதில் எண் சின்னதாக இருப்பதுதான் நல்லது. ஸ்லர்மில் பழகிய கையோடு போனால் தலைகீழாகப் புரியும்.

எப்ப தொடங்கும்னு எஸ்கியூ சொன்ன நேரம் தள்ளித்தள்ளிப் போகுது. நம்பலாமா?

எஸ்கியூவில் ஸ்டார்ட் என்று கேட்டால் வரும் நேரம், இந்த நிமிஷம் வரிசையில் இருப்பவை எல்லாம் எழுதிய வரம்பு முழுக்க ஓடும் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு. யாராவது சீக்கிரம் முடித்தால் முன்னால் வரும். உங்களைவிட எண் பெரிதான ஒருவர் புதிதாக வந்தால் பின்னால் போகும். எல்லாரும் 7 நாள் என்று எழுதும் கிளஸ்டரில் அந்த நேரத்துக்கு மதிப்பே இல்லை, 7 நாள் பற்றிய பதிலைப் பாருங்கள். ஒழுங்காக எழுதும் இடத்தில் ஓரளவு நம்பலாம்.

நாலு நோடும் வேணும். எப்ப போட்டா கிட்டும்?

ஓணத்துக்கும் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவின் கடைசி நாளான டிசம்பர் 3க்கும் நம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. சென்னையிலிருந்து யாரும் இதைச் சொல்லித்தரமாட்டார்கள், ஆனால் அந்த நாட்களில் ஆய்வகம் காலி, புது ஜாப் வருவது பாதியாகக் குறையும். பெரிய ஜாப்பை விடுமுறை அன்று போடாதீர்கள், ஒரு வாரம் முன்னதாகவே போட்டுவிடுங்கள். இன்ன தேதிக்குப் பிறகு தொடங்கு என்று எழுதி வைக்கவும் வசதி உண்டு, ஆனால் அந்தத் தேதி வரை காத்திருப்புச் சேராது. அதைவிட மிதமாக ஒரு நைஸ் கொடுத்து வரிசையில் நிற்க விடுங்கள். மற்றவர்கள் ஓட்டி முடித்து ஊருக்குப் போகும்போது காத்திருப்பு எண் முழுசாக ஏறியிருக்கும், நோடும் காலியாகும்.

இதில் இல்லாத கேள்வி இருந்தால் ஜாப் எண்ணையும் எஸ்பிரையோ காட்டுவதையும் சேர்த்து அனுப்புங்கள். 'அக்கா ஓடல' என்று மட்டும் வரும் செய்திக்கு நானும் 'பாத்தேன்' என்று மட்டும்தான் பதில் போடுவேன்.